ஈய-துத்தநாகத் தாது அடர்ப்பித்தல்

ஈய-துத்தநாகத் தாது அடர்ப்பித்தல் என்பது, ஈயமும் துத்தநாகமும் கலந்துள்ள பாறையை நொறுக்கி, நீருடன் சேர்த்து அரைத்து, அதிலுள்ள ஈயக் கனிமத்தையும் துத்தநாகக் கனிமத்தையும் தனித்தனியே பிரித்தெடுக்கும் செயன்முறை ஆகும். இதன் முடிவில் கிடைக்கும் இரு தூள்களும் ஈய அடர்தாது, துத்தநாக அடர்தாது என இக்கட்டுரையில் குறிக்கப்படுகின்றன. அடர்ப்பித்தலின்போது உலோகம் உருவாவதில்லை. பாறைக்குள் சிதறிக் கிடக்கும் கனிமத் துகள்கள் பெரும்பாலும் தம் வேதி இயல்பு மாறாமல் ஒன்று சேர்க்கப்படுகின்றன. உலோகம் பின்னர் உருக்காலையில் பிரித்தெடுக்கப்படுகின்றது.

இந்தியாவின் ஈய-துத்தநாகத் தாது வளத்தில் பெரும்பகுதி இராசத்தான் மாநிலத்தில் உள்ளது. அங்குள்ள சாவர், இராம்புரா ஆகுச்சா, இராச்புரா தரிபா, சிந்தேசர் குர்து ஆகிய சுரங்கங்களின் தாது, நுரை மிதப்பு முறையில் அடர்ப்பிக்கப்படுகின்றது.

தாதுவும் கனிமங்களும்

ஈயத்தின் முதன்மையான கனிமம் கலீனா ஆகும். இது ஈயமும் கந்தகமும் சேர்ந்த சேர்மம் (ஈய சல்பைடு). தூய கலீனாவின் எடையில் ஏறத்தாழ 86.6 விழுக்காடு ஈயம் ஆகும். துத்தநாகத்தின் முதன்மையான கனிமம் இசுபேலரைட்டு ஆகும். பள்ளிப் பாடநூல்களில் இது சிங்க் பிளண்டு என்ற பெயரால் அறியப்படுகின்றது. தூய இசுபேலரைட்டில் ஏறத்தாழ 67 விழுக்காடு துத்தநாகம் உண்டு.

இவ்விரு கனிமங்களும் பெரும்பாலும் ஒரே பாறையில், ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தே காணப்படுகின்றன. இவற்றுடன் இரும்பு சல்பைடு ஆகிய பைரைட்டும் சேர்ந்திருக்கும். எஞ்சியுள்ள பகுதி குவார்ட்சு, டோலமைட்டு, மைக்கா போன்ற பயனற்ற கனிமங்களால் ஆனது. இப்பகுதியைப் பாடநூல்கள் தாதுக்கூளம் என்றும் காங்கு என்றும் அழைக்கின்றன.

கலீனாவில் சிறிதளவு வெள்ளியும், இசுபேலரைட்டில் சிறிதளவு காட்மியமும் இரும்பும் கலந்திருப்பது வழக்கம். எனவே தாதுவிலுள்ள வெள்ளியின் பெரும்பகுதி ஈய அடர்தாதுவுடன் சேர்கின்றது. காட்மியம் துத்தநாக அடர்தாதுவுடன் செல்கின்றது. இசுபேலரைட்டின் படிக அமைப்புக்குள்ளேயே துத்தநாகத்தின் இடத்தில் அமர்ந்துள்ள இரும்பை, எவ்வளவு நுண்மையாக அரைத்தாலும் பிரிக்க இயலாது.

பிரிக்க வேண்டியதன் காரணம்

வெட்டியெடுத்த பாறையை அப்படியே உருக்கினால், நூறு டன்னில் எண்பது டன்னுக்கும் மேற்பட்ட வெறும் பாறையைச் சூடேற்ற எரிபொருள் வீணாகும். கூளத்தை நீக்கிய பின்னரும், ஈயத்தையும் துத்தநாகத்தையும் ஒன்றாக அனுப்புவது பெரும்பாலான உருக்காலைகளுக்கு ஏற்றதன்று. ஈய உலைக்குள் செல்லும் துத்தநாகத்தின் பெரும்பகுதி கசடுடன் சேர்ந்துவிடுகின்றது. மின்னாற்பகுப்பு முறையில் துத்தநாகம் எடுக்கும் ஆலைக்குள் செல்லும் ஈயம், கந்தக அமிலத்தில் கரையாத ஈய சல்பேட்டாக வண்டலில் தங்கிவிடுகின்றது. ஆகவே ஒரு கனிமம் தவறான அடர்தாதுவில் சேருமாயின், அதற்குரிய விலை கிடைக்காததோடு, அதனை நீக்கும் செலவும் சேர்கின்றது.

கலப்பு அடர்தாதுவை ஏற்கும் இம்பீரியல் உருக்கு முறை இதற்கு விதிவிலக்காகும். 1991ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சந்தேரியா உருக்காலை இம்முறையைக் கொண்டு அமைக்கப்பட்டது.

பிற தாதுக்களுடன் ஒப்பீடு

ஒரு தாதுவை எவ்வாறு அடர்ப்பிப்பது என்பது, பயனுள்ள கனிமம் எந்தப் பண்பினால் கூளத்திலிருந்து வேறுபடுகின்றது என்பதைப் பொறுத்தது. சேலம், நாமக்கல் வட்டாரத் தாதுக்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள் ஆகும்.

* நிறம்: சேலம் நகரை ஒட்டிய குன்றுகளில் மேக்னசைட்டு, கரும்பச்சை நிறப் பாறைக்குள் வெள்ளை நரம்புகளாக ஓடுகின்றது. கண்ணால் பார்த்து, சுத்தியலால் தட்டி, கையால் பொறுக்கியே இதனைப் பிரிக்க முடியும்.
* காந்தத்தன்மை: கஞ்சமலையின் இரும்புத் தாதுவாகிய மேக்னடைட்டு காந்தத்தால் ஈர்க்கப்படும், அதனுடன் உள்ள குவார்ட்சு ஈர்க்கப்படாது.
* கரைதிறன்: கொல்லிமலை, சேர்வராயன் மலைப் பகுதிகளில் வெட்டப்பட்ட பாக்சைட்டு, மேட்டூரில் இயங்கிய அலுமினிய ஆலைக்குச் சென்றது. அங்கு அலுமினாவை எரிசோடாக் கரைசலில் கரைத்துப் பிரித்தனர். அவ்வாலையின் அலுமினிய உற்பத்தி 2008ஆம் ஆண்டு நின்றது.

கலீனாவையும் இசுபேலரைட்டையும் இவ்வழிகளில் பிரிப்பது எளிதன்று. துகள்கள் மிக நுண்ணியவை ஆதலால் கையால் பொறுக்க இயலாது. இரண்டும் சல்பைடுகள்; இரண்டும் நீரில் கரைவதில்லை. அடர்த்தி வேறுபாடு ஓரளவே உதவுகின்றது. கலீனாவின் ஒப்படர்த்தி 7.5, இசுபேலரைட்டினுடையது ஏறத்தாழ 4, குவார்ட்சினுடையது 2.65. மாவுபோல அரைபட்ட துகள்கள் நீரில் மிக மெதுவாகவே படிவதால், இவ்வேறுபாடும் பயன்தராமற் போகின்றது. எனவே துகள்களின் மேற்பரப்பு நீரில் நனையும் தன்மையே இங்குப் பிரிப்புக்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றது.

நொறுக்குதலும் அரைத்தலும்

சுரங்கத்திலிருந்து வரும் பாறைக் கற்கள் தாடை நொறுக்கியிலும், பின்னர் கூம்பு நொறுக்கியிலும் படிப்படியாகச் சிறிதாக்கப்படுகின்றன. இவ்வாறு கிடைக்கும் சல்லி, நீருடன் சேர்த்து அரைவை உருளைக்குள் செலுத்தப்படுகின்றது. இவ்வுருளைகள் எஃகுத் தண்டுகளோ எஃகுக் குண்டுகளோ நிரப்பப்பட்டுச் சுழல்பவை. உள்ளே விழுந்து புரளும் எஃகு, சல்லியைக் குழம்பாக அரைக்கின்றது. இக்குழம்பு தாதுக்கூழ் எனப்படும்.

கூழ் அடுத்ததாக நீர்ச்சுழற் பிரிப்பான் என்னும் கூம்பு வடிவக் கலத்துக்குள் விசையுடன் செலுத்தப்படுகின்றது. போதிய அளவு அரைபடாத பருந்துகள்கள் கீழ்வழியாக வெளியேறி மீண்டும் உருளைக்குத் திரும்புகின்றன. நுண்துகள்கள் மேல்வழியாக அடுத்த நிலைக்குச் செல்கின்றன. துகள்களில் பெரும்பாலானவை 74 மைக்ரானுக்கும், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பதின்மூன்றில் ஒரு பங்குக்கும், குறைவாக இருக்கும்படி அரைப்பது பொதுவான வழக்கம்.

அரைத்தலின் நோக்கம் தூளாக்குவது மட்டுமன்று. ஒவ்வொரு துகளும் இயன்றவரை ஒரே கனிமத்தால் ஆனதாக இருக்கச் செய்வதாகும். இது கனிம விடுவிப்பு எனப்படும். பாதி கலீனாவும் பாதி இசுபேலரைட்டுமாக உள்ள துகள் எந்தப் பக்கம் சென்றாலும் இழப்பே ஆகும். மாறாக, தேவைக்கு மேல் அரைத்தால் சேறு போன்ற மிக நுண்ணிய துகள்கள் உருவாகின்றன. இவை குமிழ்களில் எளிதில் ஒட்டுவதில்லை. பிற துகள்களின் மேல் படிந்து அவற்றின் மேற்பரப்பையும் மறைக்கின்றன. மேலும், அடர்ப்பித்தல் ஆலையில் மின்னாற்றலை மிகுதியாகச் செலவிடும் பகுதி அரைவையே ஆகும். இக்காரணங்களால் அரைவையின் நுண்மையைத் தெரிவு செய்வது ஆலையின் முதன்மையான முடிவுகளுள் ஒன்றாகும்.

நுரை மிதப்பு முறை

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சவ்வரிசி ஆலைகளில், அரைத்த மரவள்ளிக் கிழங்கின் மாவுப்பால் தொட்டிகளில் தேக்கப்படுகின்றது. நீரைவிட அடர்த்தி மிக்க மாவு அடியில் படிகின்றது. நுரை மிதப்பில் நிகழ்வது இதற்கு நேர்மாறானதாகும். நீரைவிட ஏழரை மடங்கு அடர்த்தியுள்ள கலீனா மேலே எழுகின்றது. அதனினும் மிக இலேசான குவார்ட்சு கூழிலேயே தங்குகின்றது. துகள்களைத் தூக்கிச் செல்பவை காற்றுக் குமிழ்கள் ஆகும்.

நீரில் எளிதில் நனையும் துகள் குமிழில் ஒட்டாது. நீரை விலக்கும் துகளே ஒட்டும். இவ்வியல்பைக் கட்டுப்படுத்துவதற்காகக் கூழில் பின்வரும் வேதிப்பொருள்கள் சேர்க்கப்படுகின்றன.

* சேகரிப்பான்: சாந்தேட்டு என்னும் கரிமக் கந்தகச் சேர்மங்கள் பெரிதும் பயன்படுகின்றன. சாந்தேட்டு மூலக்கூற்றின் ஒரு முனை சல்பைடு கனிமத்தின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்கின்றது. மறுமுனையாகிய நீரகக்கரிமச் சங்கிலி நீரை விலக்குகின்றது. ஒரு டன் தாதுக்குச் சில பத்துக் கிராம்கள் முதல் நூறு கிராம் அளவிலேயே இது தேவைப்படுகின்றது.
* நுரையாக்கி: பைன் எண்ணெய் அல்லது சில ஆல்ககால்கள். இவை குமிழ்களைச் சிறியனவாக்கி, மேலே வந்த நுரை உடனே உடைந்துவிடாமல் காக்கின்றன.
* தடுப்பான்: குறிப்பிட்ட ஒரு கனிமம் மிதக்காதபடி தற்காலிகமாகத் தடுப்பது.
* கிளர்வூட்டி: தானாக மிதக்காத கனிமத்தின் மேற்பரப்பை மாற்றி, சேகரிப்பான் அதனைப் பற்றும்படி செய்வது.
* சுண்ணாம்பு அல்லது சோடா: கூழின் காரத்தன்மையை வேண்டிய அளவில் வைத்திருப்பது.

கூழ், மிதப்புக் கலங்கள் எனப்படும் தொட்டிகளின் வரிசையில் செலுத்தப்படுகின்றது. ஒவ்வொரு கலத்திலும் உள்ள சுழலி கூழைக் கலக்கிக்கொண்டே காற்றைச் சிறு குமிழ்களாக உடைக்கின்றது. கனிமம் ஏறிய நுரை கலத்தின் விளிம்பு வழியாக வழிந்து வடிகாலில் சேர்கின்றது.

ஈயம் முன்னர், துத்தநாகம் பின்னர்

ஈயத்தையும் துத்தநாகத்தையும் பிரிக்கும்போது கலீனாவை முதலில் மிதக்க வைப்பதே பொது நடைமுறை. கலீனா சாந்தேட்டுடன் எளிதில் இணைகின்றது; தூய இசுபேலரைட்டு அவ்வாறு இணைவதில்லை. ஆயினும் தாதுவில் சிறிதளவு செம்புக் கனிமம் இருந்தால், அதிலிருந்து கரையும் செம்பு அயனிகள் இசுபேலரைட்டின் மேல் படிந்து அதனையும் மிதக்கச் செய்துவிடுகின்றன. இதனைத் தடுக்கத் துத்தநாக சல்பேட்டும் சோடியம் சயனைடும் சேர்க்கப்படுகின்றன. சயனைடு, செம்பு அயனிகளைத் தன்னுடன் பிணைத்து மேற்பரப்பிலிருந்து அகற்றுகின்றது. பைரைட்டு மிதப்பதையும் தடுக்கின்றது. துத்தநாக சல்பேட்டு, நெல் வயல்களில் துத்தநாகக் குறைபாட்டைப் போக்க இடப்படும் அதே உப்பு ஆகும்.

கலீனா நீக்கப்பட்ட கூழில் அடுத்ததாகச் செம்பு சல்பேட்டு, அதாவது மயில்துத்தம், சேர்க்கப்படுகின்றது. முன்பு தடுக்கப்பட்ட அதே நிகழ்வு இப்பொழுது வேண்டுமென்றே நிகழ்த்தப்படுகின்றது. செம்பு அயனிகள் இசுபேலரைட்டின் மேற்பரப்பிலுள்ள துத்தநாக அயனிகளை வெளியேற்றி அவ்விடத்தில் அமர்கின்றன. செம்பு சல்பைடு போன்ற மெல்லிய படலம் உருவாகின்றது. அதனைச் சாந்தேட்டு பற்றிக்கொள்கின்றது. பைரைட்டைத் தடுக்கச் சுண்ணாம்பு சேர்த்துக் கூழின் பிஎச் மதிப்பு 10 முதல் 11 வரை உயர்த்தப்படுகின்றது. அதன்பின் இசுபேலரைட்டு மிதக்கின்றது.

ஒவ்வொரு சுற்றும் மூன்று நிலைகளைக் கொண்டது. முதல்நிலையில் பெரும்பகுதிக் கனிமம் நுரையில் எடுக்கப்படுகின்றது. மீட்பு நிலையில், எஞ்சிய கூழ் மீண்டும் மிதக்க வைக்கப்பட்டு விடுபட்ட கனிமம் பிடிக்கப்படுகின்றது. தூய்மை நிலையில், முதல்நிலை நுரை மீண்டும் மீண்டும் மிதக்க வைக்கப்பட்டு, அதனுடன் சிக்கி வந்த கூளம் நீக்கப்படுகின்றது.

இராம்புரா ஆகுச்சா தாதுவில் கிராபைட்டும் கலந்துள்ளது. கிராபைட்டு இயல்பாகவே நீரை விலக்குவதால், சேகரிப்பான் இல்லாமலேயே மிதந்து ஈய அடர்தாதுவை மாசுபடுத்துகின்றது. இதனைக் கட்டுப்படுத்த அங்கு நிக்ரோசின் என்னும் சாயப்பொருள் தடுப்பானாகப் பயன்படுத்தப்பட்டது. ஒரு சுரங்கத்தின் வேதிப்பொருள் பட்டியலை மற்றொன்றுக்கு அப்படியே எடுத்துச் செல்ல இயலாது என்பதற்கு இது சான்றாகும்.

நீரகற்றல்

நுரையிலிருந்து கிடைக்கும் அடர்தாது, கெட்டிப்படுத்தும் தொட்டிகளில் படியவிடப்பட்டு, பின்னர் வடிப்பான்களில் அழுத்தி வடிக்கப்படுகின்றது. இறுதியில் ஈரப்பதம் ஏறத்தாழ 8 முதல் 10 விழுக்காடு இருக்கும். ஈரம் மிகுந்தால் நீரின் எடைக்கும் சரக்குக் கட்டணம் செலுத்த நேரிடும். கப்பலில் ஏற்றிய அடர்தாது அலைவினால் குழம்பாகிக் கப்பலைச் சாய்த்துவிடவும் கூடும். ஈரம் குறைந்தால் ஈயத் தூசு காற்றில் பறக்கும்.

தரமும் மீட்பும்

ஆலையின் செயற்பாடு இரு எண்களால் அளக்கப்படுகின்றது. அடர்தாதுவில் உள்ள உலோக விழுக்காடு தரம் எனப்படும். தாதுவில் இருந்த உலோகத்தில் எத்தனை விழுக்காடு உரிய அடர்தாதுவில் சேர்ந்தது என்பது மீட்பு எனப்படும்.

எடுத்துக்காட்டாக, 100 டன் தாதுவில் 10 டன் துத்தநாகமும் 2 டன் ஈயமும் இருப்பதாகக் கொள்வோம். துத்தநாகத்தின் மீட்பு 90 விழுக்காடு எனில் 9 டன் துத்தநாகம் அடர்தாதுவில் சேரும். அதன் தரம் 52 விழுக்காடு எனில் அடர்தாதுவின் எடை 9 ÷ 0.52, அதாவது ஏறத்தாழ 17.3 டன் ஆகும். ஈயத்தின் மீட்பு 65 விழுக்காடு, தரம் 60 விழுக்காடு எனில் 1.3 ÷ 0.60, அதாவது ஏறத்தாழ 2.2 டன் ஈய அடர்தாது கிடைக்கும். எஞ்சிய 80.5 டன் கழிவாகும்.

இக்கணக்கில் 1 டன் துத்தநாகமும் 0.7 டன் ஈயமும் உரிய அடர்தாதுவில் சேரவில்லை. அவற்றுள் ஒரு பகுதி தவறான அடர்தாதுவிலும், மறுபகுதி கழிவிலும் உள்ளது. தரத்தை உயர்த்த முயன்றால் கலப்புத் துகள்களை விலக்க நேரிடும். அதனால் மீட்பு குறையும். மீட்பை உயர்த்த முயன்றால் கூளமும் உடன் வந்து தரம் குறையும். அரைவையையோ வேதிப்பொருள்களையோ மேம்படுத்தாமல் இரண்டையும் ஒருசேர உயர்த்த இயலாது.

வரலாறு

உதயப்பூருக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சாவர், துத்தநாகத்தைப் பேரளவில் வாலைவடித்த மிகப் பழைய இடமாக அறியப்படுகின்றது. துத்தநாகம் 907 பாகை செல்சியசில் கொதித்து ஆவியாகிவிடும். கரியைக் கொண்டு அதன் ஆக்சைடைக் குறைப்பதற்கு இதனினும் உயர்ந்த வெப்பம் தேவை. எனவே திறந்த உலையில் உருவாகும் துத்தநாகம் ஆவியாகி மீண்டும் ஆக்சைடாக மாறிவிடுகின்றது. சாவர் மக்கள் கத்தரிக்காய் வடிவ மண்குடுவைகளைத் தலைகீழாக உலையில் நிறுத்தி, ஆவியைக் கீழ்நோக்கி இறக்கிக் குளிரவைத்தனர். பயன்படுத்திய குடுவைகளின் குவியல்கள் இன்றும் அங்குக் காணப்படுகின்றன. இத்தொழில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நின்றுபோயிற்று.

நுரை மிதப்பு முறையின் வளர்ச்சியில் ஆசுத்திரேலியாவின் புரோக்கன் இல் சுரங்கங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கு 1883ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தாதுவிலிருந்து அடர்த்தி முறையில் ஈயம் மட்டுமே எடுக்கப்பட்டது. இசுபேலரைட்டின் அடர்த்தி உடனிருந்த கூளக் கனிமங்களின் அடர்த்தியை ஒத்திருந்ததால், துத்தநாகம் மலைபோல் குவிந்த கழிவில் தேங்கியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிதப்பு முறை நடைமுறைக்கு வந்தபின் அக்கழிவே தாதுவாக மாறியது. ஈயத்தையும் துத்தநாகத்தையும் மிதப்பிலேயே தனித்தனியாகப் பிரிக்கும் முறையை 1912ஆம் ஆண்டு அங்கு சேம்சு இலைசுட்டர் உருவாக்கினார். சயனைடைத் தடுப்பானாகப் பயன்படுத்தும் முறை 1922ஆம் ஆண்டிலும், சாந்தேட்டு 1925ஆம் ஆண்டிலும் காப்புரிமை வழி அறிமுகமாயின.

சாவரில் 1940களில் மெட்டல் கார்ப்பரேசன் ஆப் இந்தியா நிறுவனம் மீண்டும் சுரங்கப் பணியைத் தொடங்கியது. அக்காலத்தில் இந்தியாவில் துத்தநாக உருக்காலை இல்லாமையால், ஈய அடர்தாது தன்பாத்து அருகிலுள்ள துண்டு உருக்காலைக்கும், துத்தநாக அடர்தாது யப்பானுக்கும் அனுப்பப்பட்டன. நடுவண் அரசு அந்நிறுவனத்தைக் கையகப்படுத்தி, 1966ஆம் ஆண்டு இந்துத்தான் சிங்க் நிறுவனத்தை அமைத்தது. 1968ஆம் ஆண்டு தேபாரி உருக்காலை தொடங்கப்பட்டது. 1977ஆம் ஆண்டு பில்வாரா மாவட்டத்தில் கண்டறியப்பட்ட இராம்புரா ஆகுச்சா தாதுப்படிவில் 1991ஆம் ஆண்டு சுரங்கம் இயங்கத் தொடங்கியது. திறந்தவெளிச் சுரங்கமாக இருந்த இது, பின்னர் முழுமையாக நிலத்தடிச் சுரங்கமாக மாறியது. 2002ஆம் ஆண்டு நிறுவனத்தின் மேலாண்மை தனியார் வசம் சென்றது.

கழிவும் சுற்றுச்சூழலும்

மேற்கண்ட கணக்கின்படி, அடர்ப்பித்தல் ஆலை வெளியிடும் பொருள்களில் எடையால் மிகப் பெரியது கழிவே ஆகும். இது மாவு போன்ற நுண்துகள்களாக, நீருடன் கலந்து, கழிவு அணை எனப்படும் கரை கட்டிய தேக்கத்துக்குக் குழாய் வழியாகச் செல்கின்றது. சுரங்கம் மூடப்பட்ட பின்னரும் இவ்வணை அங்கேயே இருக்கும். எனவே அதனைப் பாதுகாக்கும் பொறுப்பு சுரங்கத்தின் ஆயுளைவிட நீண்டதாகும்.

கழிவிலுள்ள பைரைட்டு காற்றுடனும் நீருடனும் வினைபுரிந்து கந்தக அமிலத்தை உருவாக்கும். அவ்வமிலம் எஞ்சிய ஈயம், துத்தநாகம், காட்மியம் ஆகியவற்றைக் கரைத்து நிலத்தடி நீரில் சேர்க்கும். சாவரில் உள்ளது போல் டோலமைட்டுப் பாறை உடனிருந்தால் அமிலத்தின் ஒரு பகுதி இயல்பாகவே நடுநிலையாக்கப்படுகின்றது. சயனைடு கலந்த கூழின் காரத்தன்மை குறைந்தால் நச்சு வாய்ந்த ஐதரசன் சயனைடு வளி வெளிப்படும்; ஆதலால் பிஎச் கட்டுப்பாடு பிரிப்புக்கு மட்டுமன்றித் தொழிலாளர் பாதுகாப்புக்கும் இன்றியமையாதது ஆகும்.

1998ஆம் ஆண்டு ஏப்ரல் 25 அன்று எசுப்பானியாவின் அசுனால்கோயர் சுரங்கத்தின் கழிவு அணை உடைந்தது. பல மில்லியன் கன மீட்டர் சேறும் அமில நீரும் குவாதியமார் ஆற்றில் பாய்ந்து, வயல்களை மூடி, தொஞானா தேசியப் பூங்காவின் அருகு வரை சென்றன. சாம்பியாவின் கப்வே நகரில் ஈய-துத்தநாகச் சுரங்கம் 1994ஆம் ஆண்டு மூடப்பட்டது. ஆயினும், மண்ணிலும் தூசியிலும் தங்கிய ஈயத்தால் அங்குள்ள குழந்தைகள் அதன் பின்னரும் பாதிக்கப்பட்டு வருகின்றனர்.

கழிவைக் குறைக்கும் வழிகளுள் ஒன்று, அதனைக் கெட்டியாக்கி, சிமெண்டு கலந்து, தாது எடுக்கப்பட்ட நிலத்தடிக் குழிகளையே நிரப்புவதாகும். இதனால் அணைக்குச் செல்லும் அளவு குறைவதோடு சுரங்கக் கூரைக்கும் தாங்கல் கிடைக்கின்றது. கழிவு அணையில் தெளியும் நீர் மீண்டும் ஆலைக்கு எடுக்கப்படுகின்றது. ஆனால் அந்நீரில் எஞ்சியுள்ள செம்பு அயனிகளும் வேதிப்பொருள்களும் ஈயச் சுற்றின் பிரிப்பைக் குலைக்கக்கூடும் என்பதால் அதனைக் கண்காணித்தே பயன்படுத்த வேண்டும். நீர்ப் பற்றாக்குறை மிக்க இராசத்தானில், உதயப்பூர் நகரின் கழிவுநீரைத் தூய்மையாக்கித் தொழிற்பயன்பாட்டுக்கு அளிக்கும் நிலையம் 2014ஆம் ஆண்டு நாளொன்றுக்கு 2 கோடி லிட்டர் கொள்ளளவுடன் தொடங்கப்பட்டது.

தமிழ்நாட்டில்

பழைய தென்னார்க்காடு மாவட்டப் பகுதியில் உள்ள மாமண்டூரில் ஈயம், துத்தநாகம், செம்பு ஆகியவற்றின் சல்பைடு கனிமங்கள் உள்ளமை ஆய்வுகளால் அறியப்பட்டுள்ளது. இவ்வாறு செம்பும் கலந்த தாதுவில், மேலே கூறப்பட்டபடி, செம்பு அயனிகள் இசுபேலரைட்டை முன்கூட்டியே மிதக்கச் செய்யும் சிக்கல் மிகுதியாக எழும்.

துத்தநாகம் எஃகுத் தகடுகளுக்கும் குழாய்களுக்கும் துருத்தடுப்புப் பூச்சாகவும், ஈயம் ஊர்திகளின் மின்கலங்களிலும் பெரிதும் பயன்படுகின்றன. நாமக்கல் வட்டாரத்தின் சரக்குந்து, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ஊர்தித் தொழில்களிலும், கோழித் தீவனத்தில் சேர்க்கப்படும் துத்தநாக உப்புகளிலும் இவ்வுலோகங்களின் பயன்பாட்டைக் காணலாம். பழைய மின்கலங்களிலிருந்து ஈயத்தை மீட்டெடுக்க அடர்ப்பித்தல் தேவையில்லை. முறையாக மறுசுழற்சி செய்யப்படும் ஒவ்வொரு டன் ஈயமும், அதே அளவு ஈயத்துக்காகப் பாறையை அரைத்துக் கழிவைத் தேக்கும் தேவையைக் குறைக்கின்றது.

இவற்றையும் பார்க்கவும்

* ஈயம்
* துத்தநாகம்
* நுரை மிதப்பு முறை
* கலீனா
* மேக்னசைட்டு
* கஞ்சமலை